பத்து மில்லி தண்ணீர்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் திண்டிவனத்து மெக்கானிக் கடைகளில் வேலை ஓயாது. பிளக்கில் தண்ணீர் இறங்கிய வண்டி, சகதி ஏறிச் சங்கிலி இறுகிய வண்டி, காரணம் தெரியாமல் நின்றுபோன வண்டி என்று காலையிலிருந்து தள்ளிக்கொண்டு வருவார்கள். மரக்காணம் சாலையில் தொம்மை வைத்திருந்த கடையிலும் அந்தப் புதன்கிழமை ஏழு வண்டிகள் நின்றன. தகரக் கூரையில் மழை கொட்டும்போது ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. மழை விட்டதும் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள்.

கடையில் தொம்மைக்கு அடுத்தபடி தமிழ்மொழிதான். வயது இருபத்துமூன்று. பகலெல்லாம் ஸ்பேனர், வாரத்தில் மூன்று நாள் மாலையில் விழுப்புரத்தில் டிப்ளமா வகுப்பு. நாலே முக்காலுக்கே சோப்புத்தூள் போட்டு முழங்கை வரை தேய்த்துக் கழுவிவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவாள். வகுப்பு முடிய எட்டு மணி ஆகும். ஊருக்குத் திரும்பும் பஸ் நேரம் ஒத்துவராததால் ஏழே முக்காலுக்கே பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவாள். அந்தக் கடைசிக் கால் மணி நேரம் அவளுக்கு எந்த வகுப்பிலும் கிடைத்ததில்லை. மறுநாள் யாரிடமாவது நோட்டு வாங்கி எழுதிக்கொள்வாள்.

கடையில் அவள் ஒரு போல்ட்டை இறுக்கினால் இரண்டு தரம் தொட்டுப் பார்ப்பாள். வண்டி கிளம்பிப் போன பிறகும், இறுக்கினோமா இல்லையா என்று சாலையையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"ஊரே இவள நம்பும். இவதான் இவள நம்பமாட்டா" என்று தொம்மை கேலி செய்வார்.

அன்று மதியம் தொம்மை கடையில் இல்லை. ஒரு படகு எஞ்சின் பார்க்க மரக்காணம் போயிருந்தார். தமிழ்மொழி டிபன் பாக்ஸைத் திறந்து கேப்பைக் களியில் கை வைத்த நேரம், கூரியர் வேலை பார்க்கும் செல்வகுமார் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். தலையிலிருந்து தண்ணீர் வழிந்தது. ஆறு மாதம்கூட ஆகாத வண்டி.

"பெட்ரோலு போட்டுக்கினு வந்தேம்மா. கொஞ்ச தூரம் போறதுக்குள்ள நின்னுபோச்சி. ரெண்டு கிலோமீட்டரு தள்ளிக்கினு வர்றேன். பங்க்குல தண்ணிய ஊத்திட்டானுங்க."

எதிர் டீக்கடையில் மழைக்கு ஒதுங்கியிருந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். பங்க்கு டாங்கில் மழைத் தண்ணீர் இறங்கியிருக்கும் என்றார் ஒருவர். இறங்கவெல்லாம் இல்லை, இறக்கியிருப்பான் என்றார் இன்னொருவர்.

தமிழ்மொழி கையைக் கழுவிவிட்டு வந்து டாங்கிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்தாள். தெளிவாக இருந்தது.

"தண்ணி இல்லண்ணா. தண்ணியா இருந்தா அடியில தனியா நிக்கும், பாருங்க."

"அப்ப எதுக்கு வண்டி நிக்குது?"

"எத்தனாலு கூட இருக்கலாம்."

கரும்பிலிருந்து எடுக்கிற சாராயத்தைப் பெட்ரோலில் கலக்கிறார்கள் என்பது இப்போது எல்லாருக்கும் தெரியும். எல்லாப் பங்க்கிலும் நூற்றுக்கு இருபது பங்கு. எண்பத்தைந்து பங்கு கலந்த வேறொன்றும் சில பங்க்குகளில் பச்சைக் கைப்பிடி போட்ட தனிக் குழாயில், தனி நாசிலில் வந்திருக்கிறது. ஜனங்கள் அதைக் கரும்புப் பெட்ரோல் என்றார்கள். அதை எந்தக் கலப்பிலும் ஓடுகிற ஃபிளெக்ஸ் வண்டிகளில் மட்டும்தான் ஊற்ற வேண்டும். மற்ற வண்டிகளுக்கு ஆகாது.

"கூட இருக்குதுன்னு எத்த வச்சி சொல்ற?" என்றான் செல்வகுமார்.

எத்தை வைத்து என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இரண்டு நாள் முன்னால், திங்கட்கிழமை டிப்ளமா லேபில் ரோஜா மேடம் அதைத்தான் செய்து காட்டியிருந்தார். தமிழ்மொழி தன் பையிலிருந்து, வகுப்புக்காக வாங்கிய நூறு மில்லி அளவுக் குழாயை எடுத்தாள். பத்து வரைக்கும் தண்ணீர் விட்டு, நிறம் தெரிய ஒரு சொட்டு நீல மை சேர்த்தாள். மேலே நூறு வரைக்கும் அந்தப் பெட்ரோலை ஊற்றி, வாயை மூடி நன்றாகக் குலுக்கி, வண்டி சீட்டின் மேல் நிறுத்தினாள். எத்தனாலுக்குத் தண்ணீர் மேல்தான் ஆசை. பெட்ரோலை விட்டுப் பிரிந்து தண்ணீரோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். அடியில் இருந்த நீலம் கண் முன்னால் உயர்ந்தது.

"யம்மாடி" என்றார் டீக்கடைக்காரர்.

அவள் குனிந்து கண்ணை நேராக வைத்துக் கோட்டைப் படித்தாள். இரண்டு தரம் படித்தாள்.

"இருபத்தெட்டு."

"அப்டின்னா?"

"இருபதுதான் இருக்கணும். எட்டு கூட இருக்குது."

"இரும்மா, இன்னொரு தரம் சொல்லு. வீடியோவுல வரட்டும்" என்று செல்வகுமார் போனைத் தூக்கிப் பிடித்தான்.

அவள் இன்னொரு தரம் சொன்னாள். எட்டுப் பேர் தன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றதை அவள் கவனித்தாள். அது அவளுக்குப் பிடித்திருந்தது. பின்னாளில் நினைத்துப் பார்க்கையில் இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் அவள் நின்றுவிடுவாள். பிடித்திருந்தது என்பதைத் தன்னிடமே மறைக்க அவளால் முடியவில்லை.

"அப்ப கரும்புப் பெட்ரோல மாத்தி ஊத்திட்டாங்களா?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்.

"மொதல்ல அந்த நாசில வச்சிட்டு, அப்புறம் தெரிஞ்சி மாத்தியிருக்கலாம்" என்றாள் தமிழ்மொழி.

எந்தப் பங்க்கு என்று அவள் கேட்கவில்லை. லேப் நோட்டில் முதல் வரியே, மாதிரி எங்கே எடுத்தது என்பதுதான்.

மாலையில் தொம்மை வந்து செல்வகுமார் வண்டியைப் பிரித்தார். சீட்டுக்கு அடியில் பெட்ரோல் பம்புக்குப் போகும் ஒயர் சேருகிற இடத்தில் மழைத் தண்ணீர் புகுந்து பச்சை பூத்திருந்தது. சுரண்டித் துடைத்து மாட்டினார். பழைய பெட்ரோலைக் கேனில் இறக்கி வைத்துவிட்டு வேறு ஊற்றி உதைத்ததும் வண்டி பிடித்துக்கொண்டது. ஒயரும் கெட்டிருந்தது, பெட்ரோலும் கெட்டிருந்தது என்று தமிழ்மொழி நினைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை வகுப்பு இல்லை. வீட்டுக்கு வந்தபோது அக்கா அன்புச்செல்வி பங்க்கு யூனிபார்ம் சட்டையைக்கூட மாற்றாமல் அம்மாவோடு உட்கார்ந்து வேகவைத்த மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் அவள் வீட்டில் இருக்க மாட்டாள். திண்டிவனத்தை ஒட்டி நெடுஞ்சாலை மேலிருந்த பங்க்கில் ஏழு வருஷமாக வேலை. கல்யாணமாகி ஒரே வருஷத்தில் திரும்பி வந்தவளுக்கு அந்தச் சட்டைதான் தெருவில் தலை நிமிர்ந்து நடக்கக் கொடுத்தது. தமிழ்மொழியை டிப்ளமாவில் சேர்த்துவிட்டவளும் அவள்தான். தை பிறந்தால் ஷிப்டு இன்சார்ஜ் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள்.

"வாடி மெக்கானிக்கு. உங்கக்கா வேலைய விட்டுட்டு வந்து குந்திக்கினு இருக்கா, இன்னான்னு கேளு" என்றாள் அம்மா தைலம்மாள்.

"விடலம்மா. எழுதிக் குடுத்துட்டு வந்தேன்."

"ரெண்டும் ஒண்ணுதான். எழுதிக் குடுத்தாளாம், பெரிய கலெக்டரு."

தமிழ்மொழி பையை இறக்கி வைத்தாள். "இன்னாக்கா ஆச்சி?"

அன்புச்செல்வி ஒரு மல்லாட்டையை உரித்து அவள் பக்கம் நீட்டினாள். "வண்டிக்காரன் எங்க பங்க்கு பேரப் போட்டு உன் வீடியோவ எல்லாருக்கும் அனுப்பிட்டான். அத்த ஓனரு எங்க எல்லாரையும் நிக்க வச்சிக் காட்டுனாரு. மொகம் சரியாத் தெரியல. கையும் குரலும்தான். கேட்டதுமே எனக்குத் தெரிஞ்சிபோச்சி. அழகாப் பேசுனடி. கூட வேல பாக்கற சவுந்தரி கேக்கறா, யாருடி இந்தப் பொண்ணு, இவ்ளோ வெவரமாச் சொல்லுதுன்னு. என் தங்கச்சின்னு சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்திச்சி."

தமிழ்மொழி வாங்கிய மல்லாட்டையைத் தின்னாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"உங்க பங்க்குன்னு எனக்குத் தெரியாதுக்கா."

"தெரிஞ்சா மட்டும் இன்னா? மாத்திச் சொல்லியிருப்பியா?"

தமிழ்மொழி கையிலிருந்த மல்லாட்டையை முறத்தில் போட்டாள்.

"அந்த நேரத்துக்கு அந்தப் பக்கம் நின்னது நான்தான்" என்றாள் அக்கா. "கேமராவப் போட்டுப் பாத்தாங்க. ஒரு லாரி மறச்சிக்கினு நிக்குது. மேனேஜரு கேட்டாரு, மாத்தி ஊத்துனியாம்மான்னு. மொதல்ல இல்லன்னுதான் சொன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் யோசிச்சேன். மழ. வரிசையில ஆறு வண்டி. ரெண்டு நாசிலும் பக்கத்துல பக்கத்துல தொங்குது. நீ அளந்து சொல்லியிருக்க, இருபத்தெட்டுன்னு. அந்த எட்டு எங்கேருந்து வந்திச்சி? வானத்துலேருந்தா? நான்தான் மொதல்ல அத்த வச்சிட்டு எடுத்திருப்பேன். நீயே அதுல சொல்றியே, அப்புறம் தெரிஞ்சி மாத்தியிருக்கலாம்னு."

"இருக்கலாம்னுதானேக்கா சொன்னேன்."

"நீ சும்மா சொல்ல மாட்டியே. ஒரு போல்ட்ட ரெண்டு தரம் பாக்கறவ."

"பத்து வேலைக்காரங்க நின்னாங்க, ஒருத்தியாவது வாயத் தொறந்தாளா?" என்றாள் தைலம்மாள். "இவ போயி, நான்தான் சாமின்னு நிக்கறா. படிச்சவ சொல்லிட்டா, வேலைக்குப் போறவ கேட்டுக்கினா. நல்லாப் பெத்தேன் ரெண்டு."

அம்மா முறத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அன்புச்செல்வி சட்டையில் ஒட்டியிருந்த தோலைத் தட்டிவிட்டாள். "நீ ஒண்ணும் மனசுல வச்சிக்காத. தப்ப ஒத்துக்கினா போலீசு கீலீசுன்னு போகாதுன்னாங்க. முடிஞ்சிபோச்சி."

அடுத்த திங்கட்கிழமை லேபில் ரோஜா மேடம் போன வாரம் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். "பாதிப் பேரு பஸ்ஸுக்கு ஓடிட்டீங்க. கணக்கு எழுதாதவங்க இப்ப எழுதிக்குங்க."

தமிழ்மொழி நோட்டைத் திறந்தாள். படம் வரைந்திருந்தாள். செய்முறை எழுதியிருந்தாள். அதற்குக் கீழே பாதிப் பக்கம் காலியாக இருந்தது.

"அடியில நிக்கறது வெறும் எத்தனால் இல்ல. நாம மொதல்ல விட்ட பத்து மில்லி தண்ணியும் அதுலதான் இருக்கு. அதக் கழிக்கணும். அப்புறம், நாம ஊத்துன பெட்ரோலு நூறு இல்ல, தொண்ணூறு. அதனால தொண்ணூறால வகுக்கணும்."

தமிழ்மொழி எழுதினாள். இருபத்தெட்டில் பத்து போனால் பதினெட்டு. பதினெட்டைத் தொண்ணூறால் வகுத்து நூறால் பெருக்கினாள். இருபது வந்தது. மறுபடியும் செய்தாள். மறுபடியும் இருபதுதான் வந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நாட்டில் எந்தப் பங்க்கிலும் எது இருக்குமோ அதுதான் செல்வகுமார் டாங்கிலும் இருந்திருக்கிறது.

"மேடம்" என்றாள். "தண்ணியக் கழிக்காம சொல்லிட்டா?"

"தப்பு. மார்க்கு கிடையாது."

பின்னால் இருந்த பையன்கள் சிரித்தார்கள். அன்று ஏழே முக்காலுக்கு அவள் எழுந்துகொள்ளவில்லை. எட்டு மணி வரை இருந்தாள். அந்தக் கால் மணி நேரத்தில் மேடம் சொன்ன எதுவும் அவள் காதில் ஏறவில்லை.

மறுநாள் காலை தொம்மையிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"நான் இருந்திருந்தா கேட்டிருப்பேன், தண்ணியக் கழிச்சியான்னு. மரக்காணத்துக்காரன் எஞ்சினு அன்னிக்குன்னு பாத்து மக்கர் பண்ணுது." அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "கழிச்சிப் பாத்தா சரியா வருதுங்கற. அதையும் காயிதத்துலதானே பாத்த?"

"ஆமாண்ணா. அதான் எனக்கும். மொதல்ல நிச்சயம்னுதான் சொன்னேன். இப்பவும் நிச்சயம்னு எப்படிச் சொல்றது?"

தொம்மை கடைக்குள் நின்றிருந்த வண்டியைக் காட்டினார். அது கரும்பு விவசாயி தட்சிணாமூர்த்தியின் ஃபிளெக்ஸ் வண்டி. சர்வீஸுக்கு வந்திருந்தது. "செல்வகுமாரு டாங்குல எடுத்த பெட்ரோலு கேன்ல இருக்குதில்ல? இதுல ஊத்து. அதுவே சொல்லட்டும்."

ஃபிளெக்ஸ் வண்டிக்கு யாரும் என்ன ஊற்றியிருக்கிறோம் என்று சொல்வதில்லை. புதிதாக எண்ணெய் ஏறியது தெரிந்ததும், புகைக்குழாயில் இருக்கும் ஒரு சென்சார் எரிந்த புகையை மோந்து பார்க்கும். பெட்ரோல் கூடுதலாகப் போகிறதா, குறைவாகப் போகிறதா என்பதை வைத்து, கலப்பு இவ்வளவாக இருக்கும் என்று எஞ்சின் கணித்துக்கொள்ளும். உடனே வந்துவிடாது. சில கிலோமீட்டர் ஓட வேண்டும். அதுவரைக்கும் பழைய கணக்கையே நம்பிக்கொண்டு திணறும்.

தட்சிணாமூர்த்திக்குப் போன் போட்டார்கள். "ஓட்டிப் பாருங்கப்பா, இன்னா இப்ப" என்றார் அவர். "நானே அதுல எப்பவும் என் கரும்பத்தான் குடிக்க வச்சிக்கினு இருக்கறேன். இன்னிக்கு ஒரு நாளு பத்தியச் சாப்பாடு போடுங்க."

டாங்கை முழுக்க இறக்கித் துடைத்துவிட்டு, கேனில் இருந்ததை ஊற்றினார்கள். ஸ்கேனர் ஒயரைச் சீட்டுக்கு அடியில் மாட்டினாள் தமிழ்மொழி. செல்போன் திரையில் எத்தனால் எண்பத்தைந்து என்று இருந்தது. அது தட்சிணாமூர்த்தி கடைசியாக ஊற்றியது. தொம்மை ஸ்டார்ட் செய்தார். நாலாவது தரம்தான் பிடித்தது. கறுப்புப் புகையாகக் கக்கியது. கரும்புப் பெட்ரோலுக்கு வேண்டிய அளவு எண்ணெயை எஞ்சின் இழுத்துக்கொண்டிருந்தது.

புதுச்சேரி சாலையில் கிளியனூர் பக்கம் விட்டார் தொம்மை. மழை இல்லை. வெயிலும் இல்லை. இரு பக்கமும் வயல்களில் தண்ணீர் ஏறி நின்றது. பின்னால் உட்கார்ந்திருந்த தமிழ்மொழிக்கு ஒரு கையில் செல்போன், மடியில் நோட்டு. ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லுக்கும் அவள் எழுதிக்கொண்டு வந்தாள்.

எண்பத்தைந்து. எண்பத்தைந்து. எழுபத்திரண்டு. அறுபது.

"இன்னா நம்பரு?" என்றார் தொம்மை திரும்பாமல்.

"எறங்கிக்கினு இருக்குதுண்ணா."

நாற்பத்தேழு. முப்பத்தாறு. வண்டியின் இருமல் நின்றிருந்தது. பிறகு இருபத்தெட்டு என்று வந்தது. அடுத்த கல்லிலும் இருபத்தெட்டு. அதற்கடுத்த கல்லிலும்.

தமிழ்மொழி எழுதாமல் திரையையே பார்த்தாள். இங்கேயே நின்றுவிட்டால் நல்லது என்று அவளுக்குத் தோன்றியது. இங்கே நின்றால் அவள் சொன்னது தப்பில்லை. கழிக்காமல் சொன்னாலும் சொன்னது சரியாகிவிடும். நின்றால் அக்கா மாற்றி ஊற்றியது உண்மையாகிவிடும் என்பது அடுத்த நொடியில்தான் உறைத்தது. அப்படி ஒரு ஆசை தனக்குள் எழுந்ததை நினைத்து, காற்று அடிக்கும் முகத்தில் சூடு ஏறியது.

"இப்ப எவ்ளோ?"

"இருபத்தெட்டு."

தொம்மை கொஞ்சம் வேகத்தைக் கூட்டினார்.

இருபத்தைந்து. இருபத்திரண்டு. கிளியனூர் கடைத்தெரு வந்தபோது இருபது. ஊரைத் தாண்டி இரண்டு கல் போய்த் திரும்பி வந்தார்கள். இருபது, இருபத்தொன்று, இருபது. அதற்குக் கீழேயும் போகவில்லை, மேலேயும் வரவில்லை.

தொம்மை ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினார். நோட்டை வாங்கி, எண்களை மேலிருந்து கீழே விரலால் தொட்டுக்கொண்டே போனார்.

"உங்கக்கா கையில தப்பில்ல பாப்பா."

"என் வாயிலதாண்ணா தப்பு."

"அழுவாத. ஜல்தி போலாம். இத்த மொதல்ல பங்க்குல காட்டணும்."

பங்க்கு மேனேஜர் பாண்டுரங்கன் சண்டைக்காரர் இல்லை. இரண்டு பேரையும் உட்காரச் சொல்லி, நோட்டைப் பொறுமையாகப் பார்த்தார். தொம்மை விளக்கினார். கடையில் நடந்ததைத் தமிழ்மொழி மறைக்காமல் சொன்னாள். கண்ணாடிக்கு வெளியே, அக்கா நின்ற இடத்தில் வேறொரு பெண் நின்றாள். யூனிபார்ம் சட்டை அவளுக்குத் தொளதொளவென்று இருந்தது.

"எனக்கு அன்னிக்கே மனசு ஒப்பல" என்றார் பாண்டுரங்கன். "ஏழு வருஷத்துல ஒரு கம்ப்ளைண்ட் கிடையாது அந்தம்மா மேல."

"அப்புறம் ஏன் சார் எழுதி வாங்குனீங்க?"

"நான் எங்கம்மா வாங்குனேன்? அவங்களே ஒரு பேப்பர் குடுங்கன்னு கேட்டு எழுதுனாங்க." மேஜையைத் திறந்து எடுத்துக் காட்டினார். அக்காவின் குண்டு குண்டான எழுத்து. தவறுதலாக வேறு நாசிலை வைத்துவிட்டேன், பிறகு கவனித்து மாற்றினேன் என்று இருந்தது. தமிழ்மொழி டீக்கடைக் கூட்டத்தின் முன்னால் சொன்ன அதே வாக்கியம்.

"இப்ப இன்னா சார் பண்றது?" என்றார் தொம்மை.

"ஓனருகிட்ட நான் பேசறேன். இந்த நோட்டக் காட்டுனா கேப்பாரு. ஆனா இவங்க கைப்பட எழுதுனது இருக்குதே. அவங்க வந்து, நான் அப்படிச் செய்யலன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லணும். சொல்லிட்டா இத்த அவங்க முன்னாடியே கிழிச்சிப்போட்டுட்டு, நாளைக்குக் காலையிலயே ஷிப்டு குடுத்துடறேன்."

ஒரே ஒரு வார்த்தை. தமிழ்மொழிக்கு அத்தனை நாளில் முதல் முறையாக மூச்சு இலகுவாக வந்தது.

அன்புச்செல்வி முந்தின நாள்தான் விக்கிரவாண்டி டோல்கேட்டுக்கு அருகில் ஒரு ஓட்டலில் பரிமாறும் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். தொம்மை வாசலில் வண்டியோடு நின்றுகொண்டார். மதியக் கூட்டம் வடிந்துவிட்டிருந்தது. நாலைந்து லாரிக்காரர்கள் மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா புடவைக்கு மேலே ஒரு பழைய ஆண் சட்டையைப் போட்டுக்கொண்டு மேஜை துடைத்தாள்.

"இன்னாடி, கடைய விட்டுட்டு?"

தமிழ்மொழி அவளை உட்கார வைத்து நோட்டைப் பிரித்தாள். பத்து மில்லியைக் காட்டினாள். கழித்துக் காட்டினாள். வண்டி சொன்ன எண்களைக் கல் கல்லாகப் படித்தாள். மேனேஜர் சொன்னதையும் சொன்னாள். "ஒரு வார்த்தக்கா. நான் செய்யலன்னு."

அன்புச்செல்வி எல்லாவற்றையும் கேட்டாள். சின்ன வயசில் தங்கச்சி வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது கேட்ட அதே முகத்தோடு கேட்டாள்.

"நீ சொல்றது சரியாத்தான் இருக்கும்" என்றாள். "ஆனா நான் செய்யலன்னு எப்படிச் சொல்றது?"

"செய்யலியேக்கா."

"எனக்கு ஞாபகம் இருக்குதே."

"இன்னா ஞாபகம்?"

"பச்சக் கைப்பிடி. ஈரமா இருந்திச்சி. அவன் மழைக்கோட்டு போட்டுக்கினு நின்னான். உள்ள வச்சி அமுக்கனதும், இது இல்லியேன்னு ஒரு திக்குன்னு ஆச்சி. எடுத்துட்டேன். அவன் பாக்கறானான்னு பாத்தேன். அவன் போன நோண்டிக்கினு இருந்தான்."

தமிழ்மொழிக்கு அன்று செல்வகுமார் வந்து நின்ற கோலம் நினைவுக்கு வந்தது. தலையிலிருந்து தண்ணீர் வழிய நின்றானே தவிர, அவன் உடம்பில் மழைக்கோட்டு இல்லை.

"அவன் மழக்கோட்டே போடலக்கா. தொப்பலா நனஞ்சிக்கினு வந்தான்."

"கழட்டியிருப்பான்."

"வீடியோ வந்தப்புறம் உனக்கு இதெல்லாம் தோணுதுக்கா. மொதல்ல இல்லன்னுதானே சொன்ன?"

"மொதல்ல ஞாபகம் வரல. அப்புறம் வந்திச்சி. எழுத எழுத நல்லா வந்திச்சி." அவள் நோட்டை மூடித் தங்கையின் பக்கம் தள்ளினாள். கோபமாகத் தள்ளவில்லை. "நாலு நாளா ராவும் பகலும் அத்தையேதான் பாத்துக்கினு இருக்கறேன். இப்ப வந்து அது நடக்கவே இல்லன்னா, நடக்காதது எப்படி என் கண்ணுல நிக்கும்? அன்னிக்கி நீ சொன்னதும் நம்பருதான். இன்னிக்கி சொல்றதும் நம்பருதான். நான் எத்தன தரம்டி மாறுவேன்?"

"நான் தப்பாச் சொல்லிட்டேங்கா. என் தப்பு."

"சரி, உன் தப்புதான். அதுக்காக நான் அங்க போயி, பழையபடி அந்த ரெண்டு நாசிலுக்கும் நடுவுல நிக்க முடியுமா? ஒவ்வொரு வண்டி வரும்போதும் கை நடுங்கும். இங்க பரவாயில்ல. மாத்தி வச்சா சாம்பாரு, ரசம். யாரு வண்டியும் ரோட்டுல நிக்காது."

ஒரு லாரிக்காரர் கை காட்டினார். அன்புச்செல்வி எழுந்து போனாள். அவர் மோர் கேட்டார். அவள் பாதி தூரம் போய்த் திரும்பி வந்து, "மோருதானேங்க கேட்டீங்க?" என்றாள். மோருதான் என்றார் அவர். கொண்டுவந்து வைக்கும்போது மறுபடியும் கேட்டாள்.

"எத்தன வாட்டிம்மா, பேஜாரு" என்று அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள்.

தமிழ்மொழி நோட்டைப் பைக்குள் வைக்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அதில் இருந்ததில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. எத்தனை தரம் வேண்டுமானாலும் அவளால் அதைச் செய்து காட்ட முடியும். வெளியே தொம்மை நேரமாகிறது என்று ஒரு தரம் ஹாரன் அடித்தார்.

"வந்ததுக்கு ஒண்ணும் சாப்புடாம போற. இன்னா சாப்புடற, டீயா காபியா?"

"காபிக்கா."

அன்புச்செல்வி உள்ளே போய் டம்ளரும் டபராவுமாக வந்தாள். மேஜைக்கு அருகில் வந்ததும் வைக்காமல் நின்றாள்.

"காபிதானே கேட்ட?"

"காபிதாங்க்கா."

அவள் டம்ளரைத் தூக்கி மூக்கருகே வைத்து மோந்து பார்த்தாள். ஆவி அவள் முகத்தில் படர்ந்தது. இன்னொரு தரம் மோந்தாள். பிறகு சமையல் கட்டுப் பக்கம் திரும்பி, "மாஸ்டர், இது காபிதானே?" என்று கேட்டாள்.